வரியை உயர்த்த மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு கட்டாயம் என்று வைத்தால்? டெல்டாவிலிருந்து ஒரு விவாதம்

குடந்தைக் கணக்கர் | காலை 6:50

அமெரிக்காவில் பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஒரு விதி இருக்கிறது. புது வரி போடவோ, இருக்கிற வரியைக் கூட்டவோ சட்டமன்றத்தில் பாதிக்கு மேல் ஒருவர் போதாது. ஐந்தில் மூன்று, மூன்றில் இரண்டு, சில இடங்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். இதை இங்கேயும் கொண்டுவர வேண்டும் என்ற பேச்சு நம் பக்கத்து வணிகர்களிடம் அடிக்கடி எழுகிறது.

அந்தப் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. நம் சட்டமன்றத்தில் 234 பேர். அவை நடக்க அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 24 பேர் உட்கார்ந்திருந்தால் போதும். அவைத் தலைவர் முதலில் வாக்களிக்க மாட்டார். மீதி 23 பேரில் 12 பேர் கை தூக்கினால் ஏழரைக் கோடிப் பேருக்கு மேல் ஒரு வரி ஏறிவிடும். அரசமைப்புக்கு முழுக்க உட்பட்டுத்தான்.

ஆனால் பூட்டுப் போட்டால் வரி நிற்குமா, அல்லது வேறு வாசல் வழியாக வருமா என்பதுதான் என் கேள்வி. கட்சிச் சண்டை வேண்டாம். விதி, எண்ணிக்கை, எங்கே உடைகிறது என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

மன்னை வழக்குரைஞர் | காலை 7:35

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். இதைத் தமிழ்நாடு சட்டமன்றம் தானாகச் செய்ய முடியாது.

அரசமைப்பின் 189-ஆம் பிரிவு, அவையில் எழும் எல்லாக் கேள்விகளும் வந்திருந்து வாக்களிப்பவர்களின் பெரும்பான்மையால் முடிவாகும் என்கிறது. ‘இந்த அரசமைப்பில் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் தவிர’ என்பது மட்டும்தான் விலக்கு. எனவே சென்னையில் ஒரு சட்டம் இயற்றி ‘இனி வரிக்கு 156 வாக்கு’ என்றால் அது நீதிமன்றத்தில் நிற்காது. அவை நடைமுறை விதிகளில் எழுதி வைத்தாலும் அதே கதைதான். 208-ஆம் பிரிவு அந்த விதிகளையும் அரசமைப்புக்குக் கீழேதான் வைக்கிறது.

வாஷிங்டன் மாநிலத்தில் இதே சிக்கல் வந்தது. மக்கள் வாக்கெடுப்பு மூலம் 2007, 2010, 2012 என்று மூன்று முறை மூன்றில் இரண்டு பங்கு விதியைக் கொண்டுவந்தார்கள். 2013 பிப்ரவரியில் அந்த மாநில உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. அரசமைப்பு பெரும்பான்மை என்று சொல்லும்போது சாதாரணச் சட்டத்தால் அந்த அளவைக் கூட்ட முடியாது என்பதுதான் காரணம்.

இங்கே வழி ஒன்றுதான். நாடாளுமன்றம் 368-ஆம் பிரிவின்படி 189-ஐத் திருத்த வேண்டும். ஒவ்வொரு அவையிலும் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், அதோடு வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு. பாதி மாநிலங்களின் ஒப்புதல் தேவைப்படும் பட்டியலில் 189 இல்லை. ஆக மாநிலத்தின் கையைக் கட்டும் விதியை மாநிலத்தைக் கேட்காமலே டெல்லி போட்டுவிடலாம். இது எனக்கு உறுத்துகிறது.

இன்னொரு சிறு செய்தி. வரியை ஏற்றுவதைக் கடினமாகவும் இறக்குவதை எளிதாகவும் வைக்கும் எண்ணம் நம் அரசமைப்பிலேயே கொஞ்சம் உண்டு. 207-ஆம் பிரிவின்படி வரி விதிக்கும் மசோதாவைக் கொண்டுவர ஆளுநரின் பரிந்துரை வேண்டும். வரியைக் குறைக்கும் திருத்தத்துக்கு அது வேண்டாம்.

வெண்ணாற்றங்கரை | காலை 8:20

நான் இந்த விதிக்கு ஆதரவு. காரணம் சொல்கிறேன்.

2022 ஏப்ரலில் சொத்து வரியை ஏற்றினார்கள். சென்னை தவிர்த்த மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் 600 சதுர அடிக்குள் உள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. கடைகளுக்கு நேராக 100 சதவீதம். தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டை எல்லாவற்றுக்கும் ஒரே அட்டவணை. முடிவு சென்னையில் எடுக்கப்பட்டது. மன்றங்கள் தீர்மானம் போட்டு, ஆட்சேபம் கேட்டு, நிறைவேற்றின. 2017 மார்ச்சில் பெட்ரோல் மீதான வாட் 27-லிருந்து 34 சதவீதம், டீசல் 21.43-லிருந்து 25. ஆற்றில் தண்ணீர் வராத ஆண்டில் டீசல் என்ஜின் வைத்து நாற்றங்காலைக் காப்பாற்றுகிறவனுக்கு அந்த மூன்றரைப் புள்ளி சின்ன விஷயம் இல்லை.

இப்படிப்பட்ட முடிவுக்கு எதிர்க்கட்சியில் சிலரையாவது சம்மதிக்க வைக்க வேண்டும் என்றால், அரசு முதலில் செலவைப் பார்க்கும். அதைத்தான் இந்த விதி கட்டாயமாக்குகிறது.

1429-இல் இந்த மண்ணில் வலங்கை 98, இடங்கை 98 என்று எதிரெதிராக நின்ற சாதியார் கூடி, இன்ன நிலத்துக்கு இன்ன வரிதான் கொடுப்போம் என்று கல்லில் வெட்டி வைத்தார்கள். கொறுக்கை, ஆடுதுறைக் கல்வெட்டுகள் இன்னும் இருக்கின்றன. எதிரும் புதிரும் ஒத்துக்கொண்ட வரிதான் நிலைக்கும் என்பது நமக்குப் புதிதல்ல.

தஞ்சை நிதிநிலை வாசகி | காலை 9:05

வெண்ணாற்றங்கரை அண்ணா, நோக்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் ‘எதிர்க்கட்சியில் சிலரைச் சம்மதிக்க வைக்க வேண்டும்’ என்ற இடத்தில்தான் கணக்கு உதைக்கிறது.

234-இல் மூன்றில் இரண்டு 156. கடந்த தேர்தல்களைப் பாருங்கள். 2006-இல் தி.மு.க. தனியாக 96தான், ஆனால் கூட்டணி 163. 2011-இல் அ.தி.மு.க. 150, கூட்டணி 203. 2021-இல் தி.மு.க. 133, கூட்டணி 159. நான்கு தேர்தல்களில் மூன்றில் வெற்றி பெற்ற அணி அன்றைக்கே 156-ஐத் தாண்டிவிட்டது. பூட்டு திறந்தே கிடந்திருக்கும். 2016-இல் மட்டும் பிடித்திருக்கும்: தள்ளி வைக்கப்பட்ட தஞ்சாவூர், அரவக்குறிச்சித் தேர்தல்களும் திருப்பரங்குன்றம் இடைத்தேர்தலும் முடிந்த பிறகும் ஆளுங்கட்சிக்கு 136.

தொகுதிக்கு ஒருவர், அதிக வாக்கு வாங்கியவர் வெற்றி என்ற முறையில் 40, 45 சதவீத வாக்கே மூன்றில் இரண்டு பங்கு இடத்தைத் தந்துவிடும். எனவே அந்த எண்ணிக்கை மக்களின் ஒத்த கருத்தைக் காட்டாது. தொகுதிப் பங்கீடு எப்படி முடிந்தது என்பதைத்தான் காட்டும்.

அடுத்தது கொறடா. கட்சித் தாவலைத் தடுக்க 1985-இல் அரசமைப்பில் வந்த பத்தாவது அட்டவணைக்குப் பிறகு கட்சிக் கட்டளையை மீறி வாக்களித்தால் பதவியே போய்விடும். கலிஃபோர்னியாவில் எதிரணியில் ஒரே ஒரு உறுப்பினரைத் தனியாகப் பேசி அழைத்து வரலாம். இங்கே அது நடக்காது. ஒரு கட்சி முழுதாக வரும், அல்லது முழுதாக வராது. ஆக 2016 போன்ற அவையில் இந்த விதி எந்த உறுப்பினரையும் யோசிக்க வைக்காது. பெரிய எதிர்க்கட்சித் தலைமை ஒன்றின் கையில் ஒரு தடுப்புரிமையைக் கொடுக்கும், அவ்வளவுதான்.

திருவாரூர்க்காரன் | காலை 9:22

மூன்றில் இரண்டு ‘யாரில்’ என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வந்திருப்பவர்களிலா, மொத்த உறுப்பினர்களிலா?

மன்னை வழக்குரைஞர் | காலை 9:40

நல்ல கேள்வி தம்பி. விதியின் உயிரே அங்கேதான் இருக்கிறது. வந்து வாக்களிப்பவர்களில் என்று எழுதினால் மேலே கணக்கர் சொன்ன 23 பேர் அவையில் 16 வாக்கு போதும். எதிர்க்கட்சி வெளிநடப்புச் செய்தால் அரசுக்கு வேலை இன்னும் சுலபம். நம் அவையில் வெளிநடப்பு எவ்வளவு சாதாரணம் என்பது எல்லோருக்கும் தெரியும். மொத்த உறுப்பினர்களில் என்று எழுதினால் வராதவர், வாக்களிக்காதவர் எல்லோருமே ‘வேண்டாம்’ பக்கம் சேர்ந்துவிடுவார்கள். காலியான தொகுதிகூட எதிர்ப்பு வாக்காகிவிடும். அமெரிக்க விதிகளில் இந்த இரண்டாவது வகைதான் அதிகம்.

கடல் கடந்த நாகைக்காரன் | காலை 10:15

கலிஃபோர்னியா பேச்சு வந்திருப்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1978 ஜூன் மாதம் வாக்கெடுப்பில் நிறைவேறிய 13-ஆம் முன்மொழிவுதான் ஆரம்பம். அதில் இரண்டு பகுதி. ஒன்று, சொத்து வரி மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் கூடாது, அந்த மதிப்பும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது, வீடு கைமாறும்போதுதான் புது மதிப்பு. இரண்டு, மாநில வரியை உயர்த்த இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு: 80-இல் 54, 40-இல் 27.

முதல் பகுதி என்ன செய்தது என்று ஒரு கணக்குப் போடுங்கள். 1975-இல் 50,000 டாலர் மதிப்புள்ள வீடு. ஆண்டுக்கு 2 சதவீதம் ஏறினால் 50 ஆண்டில் சுமார் 1,34,500. வரி 1,345 டாலர். பக்கத்தில் அதே மாதிரி வீட்டை இன்று பத்து லட்சத்துக்கு வாங்கியவருக்கு 10,000 டாலர். ஒரே தெரு, ஒரே குப்பை வண்டி.

இரண்டாம் பகுதி இன்னும் ஆழமானது. அங்கே 1933 முதல் பட்ஜெட்டுக்கும் மூன்றில் இரண்டு பங்கு தேவைப்பட்டது. இரண்டும் சேர்ந்ததும் பல ஆண்டுகள் பட்ஜெட் தாமதம். 2009 ஜூலையில் கையில் காசில்லாமல், பணம் தர வேண்டியவர்களுக்கு மாநில அரசு கடன் சீட்டு எழுதிக் கொடுத்தது. 2010-இல் மக்களே பட்ஜெட்டைச் சாதாரணப் பெரும்பான்மைக்கு இறக்கினார்கள். ஜூன் 15-க்குள் பட்ஜெட் முடியாவிட்டால் உறுப்பினர்களுக்குச் சம்பளம் கிடையாது என்றும் சேர்த்தார்கள். ஆனால் வரிக்கான மூன்றில் இரண்டு பங்கை அப்படியே விட்டார்கள். அதே தேர்தலில் பல கட்டணங்களையும் வரி என்ற வரையறைக்குள் இழுத்தார்கள்.

கடைசி வாக்கின் விலை என்ன என்பதை 2017 ஏப்ரல் காட்டியது. சாலைப் பராமரிப்புக்காகப் பெட்ரோல் வரியை கேலனுக்கு 12 சென்ட் ஏற்றும் மசோதா சரியாக 27, சரியாக 54 வாக்கில் தப்பியது. எதிரணியிலிருந்து வந்தவர் ஒரே ஒருவர். அவர் தொகுதிப் பக்கம் ரயில் பாதையை நீட்டிக்க 400 மில்லியன் டாலர் ஒதுக்கப்பட்டது. செலவைக் குறைக்க வந்த விதி, ஓர் ஓட்டுக்காகச் செலவைக் கூட்டிய இடம் அது.

ஓக்லஹோமாவில் 1992 முதல் நான்கில் மூன்று. குறைப்பதற்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். எண்ணெய்க் கிணறுகளின் உற்பத்தி வரியை முதல் மூன்று ஆண்டுக்கு 2 சதவீதமாக இறக்கினார்கள், சுலபமாக. எண்ணெய் விலை விழுந்தபோது திரும்ப ஏற்ற முடியவில்லை. பல பள்ளிகள் வாரத்துக்கு நான்கு நாள் மட்டுமே நடந்தன. 2018-இல் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் அறிவித்த பிறகுதான் மசோதா நிறைவேறியது. மேலவையில் தேவை 36, கிடைத்தது 36. 1992 விதி வந்த பிறகு இந்த வழியில் தேறிய முதல் வரி உயர்வு அது. 26 ஆண்டு.

வெண்ணாற்றங்கரை | காலை 10:48

26 ஆண்டு வரி ஏறவில்லை என்பதை நான் குறையாகப் பார்க்கவில்லை. அந்த மாநில மக்கள் கேட்டது அதுதானே? இறக்கும்போது யோசிக்காமல் இறக்கியது சட்டமன்றத்தின் தவறு. விதியின் தவறில்லை.

தஞ்சை நிதிநிலை வாசகி | காலை 11:02

இறக்க 51, ஏற்ற 75 என்று வைத்தால் ஒவ்வொரு இறக்கமும் திரும்பாத இறக்கம் அண்ணா. மேட்டூரில் மதகைத் திறக்க ஒருவர் போதும், அடைக்கப் பதினைந்து பேர் கையெழுத்து வேண்டும் என்றால் அணை எத்தனை நாள் தாங்கும்? ஏற்றவும் இறக்கவும் ஒரே அளவு என்று கேட்டால் நான் சேர்ந்து நிற்கிறேன்.

மாயவரம் அரிசி மண்டி | காலை 11:30

இரண்டு பக்கமும் ஒரே அளவு என்ற ஏற்பாடு இந்தியாவில் ஏற்கெனவே நடப்பில் இருக்கிறதே. ஜி.எஸ்.டி. மன்றம்.

ஜி.எஸ்.டி. விகிதங்களை மத்திய, மாநில அரசுகள் கூடிப் பேசி முடிவு செய்யும் இடம் அது. அரசமைப்பின் 279ஏ பிரிவு: வந்து வாக்களிப்பவர்களின் எடையில் நான்கில் மூன்று பங்கு. மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. மன்றத்தில் மாநிலமும் சட்டமன்றமுள்ள ஒன்றியப் பகுதியும் சேர்ந்து 31. ஒவ்வொன்றுக்கும் சுமார் 2.15 சதவீதம். எல்லோரும் வந்தால், மத்திய அரசோடு 20 மாநிலம் சேர வேண்டும். 19 என்றால் 74.19-இல் நின்றுவிடும். தடுக்க 12 மாநிலம் போதும். மத்திய அரசு ‘கூடாது’ என்றால் 31 மாநிலமும் சேர்ந்தாலும் 66.67தான், நடக்காது. விகிதத்தை ஏற்றவும் இதே, இறக்கவும் இதே.

நடைமுறையில் வாக்கெடுப்பே அபூர்வம். 2019 டிசம்பரில் லாட்டரிக்கு 28 சதவீதம் என்ற விஷயத்தில்தான் முதல் முறை வாக்கெடுத்தார்கள்: 21 ஆதரவு, 7 எதிர்ப்பு. மற்றபடி பேசி முடிப்பதுதான்.

ஆனால் இவ்வளவு உயரமான தடையையும் மீறி அரிசிக்கு வரி வந்தது. 2022 ஜூலை 18-க்கு முன் பதிவு பெற்ற பிராண்டு அரிசிக்குத்தான் 5 சதவீதம். அதற்குப் பிறகு சிப்பமிட்டு லேபிள் ஒட்டிய, 25 கிலோவுக்கு மேற்படாத எல்லா மூட்டைக்கும் 5 சதவீதம். விகிதம் அதே 5தான், வலையின் கண் மட்டும் சிறிதானது. 25 கிலோ மூட்டை 1,500 ரூபாய் என்றால் வரி 75. அதே அரிசியை 26 கிலோவாகக் கட்டினால் வரி இல்லை. நம் பக்கத்துக் கடைகளில் 26 கிலோ மூட்டை வந்த காரணம் இதுதான். சாக்கு அச்சடிப்பு, தராசு அமைப்பு, விலைப் பட்டியல் எல்லாம் மாறின. 5 கிலோ, 10 கிலோ என்று வாங்கும் ஏழை வீடுதான் முழு வரியையும் கட்டுகிறது. இதை ‘வரி உயர்வு’ என்று உங்கள் சட்டம் கணக்கில் எடுக்குமா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

இன்னொன்று. மத்திய ஜி.எஸ்.டி. சட்டம் 20 சதவீதம் என்ற உச்சவரம்பை மட்டும் போட்டிருக்கிறது. மாநிலப் பங்கும் சேர்த்தால் 40. அதற்குள் எந்த விகிதம் என்பது அறிவிக்கையில் வரும். 2025 செப்டம்பர் 22-இல் டிராக்டருக்கு 12-லிருந்து 5 ஆனதும், சில பொருள்களுக்கு 40 ஆனதும் அப்படித்தான். சட்டமன்றத்தில் வாக்கெடுப்பே இல்லாத இடத்தில் மூன்றில் இரண்டு எதற்குப் பூட்டு?

வலங்கைமான் பத்திரம் | பகல் 12:10

அரிசி மண்டி சார் சொன்னதற்கு நிலத்தில் ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். பத்திரப் பதிவில் மூன்று காலகட்டம் உண்டு.

2017 ஜூனுக்கு முன்: முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 1, மொத்தம் 8 சதவீதம். வழிகாட்டி மதிப்பு, அதாவது பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் நில மதிப்பு, 10 லட்சம் உள்ள மனைக்கு 80,000.

2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்து, பதிவுக் கட்டணத்தை 1-லிருந்து 4 ஆக்கினார்கள். மதிப்பு 6.70 லட்சம், 11 சதவீதம், 73,700.

2023 ஏப்ரலில் மதிப்பைப் பழைய நிலைக்குக் கொண்டுபோய், கட்டணத்தை 4-லிருந்து 2 ஆக்கினார்கள். மதிப்பு 10 லட்சம், 9 சதவீதம், 90,000.

பத்திரம் எழுதும் மேசையில் பாருங்கள்: அச்சில் 11 என்பது 9 ஆனது, குறைந்தது. கட்டுகிறவர் கையிலிருந்து 16,300 ரூபாய் கூடப் போனது, சுமார் 22 சதவீதம் உயர்வு. ‘விகிதத்தை உயர்த்த மூன்றில் இரண்டு’ என்று சட்டம் எழுதியிருந்தால், இது விகிதக் குறைப்பு என்று சொல்லித் தடையில்லாமல் போயிருக்கும். வழிகாட்டி மதிப்பு உயர்வு சட்டமன்ற வாக்குக்கு வருவதே இல்லை. அதே மனை, அதே வரப்பு, அதே சர்வே எண். எழுதிய எண் மட்டும் மாறுகிறது.

மன்னை வழக்குரைஞர் | பகல் 12:45

பதிவில் ‘தீர்வை’ என்றும் ‘கட்டணம்’ என்றும் இரண்டு பெயர் வந்ததைக் கவனித்தீர்களா? பூட்டு உடையும் முதல் இடம் அதுதான்.

வரிக்கும் கட்டணத்துக்கும் கோடு போட்ட புகழ்பெற்ற தீர்ப்பு நம் பழைய சென்னை மாகாண வழக்குதான்: 1954, சிரூர் மடம். அறநிலையத் துறைக்கு மடங்கள் செலுத்த வேண்டிய பங்களிப்பை அரசு கட்டணம் என்றது. உச்ச நீதிமன்றம், வாங்கும் பணத்துக்கும் செய்யும் சேவைக்கும் தொடர்பு இல்லை, பணம் பொதுக் கருவூலத்தில் கலக்கிறது, எனவே இது வரி என்று சொல்லிச் செல்லாதாக்கியது. 1979-இல் பஞ்சாப் சந்தைக் கட்டண வழக்கில், வாங்கியதில் மூன்றில் இரண்டு அல்லது நான்கில் மூன்று பங்காவது சேவையாகத் திரும்ப வேண்டும் என்றார்கள். 1983-க்குப் பிறகு நீதிமன்றம் அந்தக் கண்டிப்பைத் தளர்த்திவிட்டது. இன்று மேம்போக்கான தொடர்பு இருந்தாலே கட்டணம் நிற்கும்.

ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துச் சந்தைக் கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு ஒன்று. பருத்தி குவிண்டால் 7,000 என்று வைத்தால் 70 ரூபாய். செலுத்துவது வியாபாரி, ஆனால் ஏலத்தில் கேட்கும் விலையில் அதைக் கழித்துத்தான் கேட்பார். வரிக்கு மட்டும் மூன்றில் இரண்டு என்று வைத்தால், நாளைக்கு அந்த ஒன்றை இரண்டாக்குவதே அரசுக்கு எளிய வழி.

ஓக்லஹோமாவில் இதைச் செய்தே பார்த்தார்கள். 2017-இல் சிகரெட் பாக்கெட்டுக்கு ஒன்றரை டாலர், பெயர் ‘கட்டணம்’, சாதாரணப் பெரும்பான்மையில். அந்த மாநில உச்ச நீதிமன்றம் இது வருவாய்க்கான வரிதான் என்று ஆகஸ்டில் அடித்துவிட்டது. பட்ஜெட்டில் ஓட்டை விழுந்தது. அங்கே நீதிமன்றம் காவல் நின்றதால் பூட்டு நின்றது. இங்கே தளர்ந்த சோதனையை வைத்துக்கொண்டு அப்படி நிற்கும் என்று என்னால் சொல்ல முடியாது.

இரண்டாவது உடைப்பு, அதிகாரத்தை ஒப்படைப்பது. 2020 மார்ச்சில் நிதிச் சட்டத்தின் வழியே பெட்ரோல், டீசல் மீதான கலால் உச்சவரம்பை லிட்டருக்கு 8 ரூபாய் உயர்த்தி வைத்தார்கள். மே மாதம் ஓர் அறிவிக்கை: பெட்ரோலுக்கு 10 ரூபாய், டீசலுக்கு 13. அதில் 8 ரூபாய் சாலை செஸ் (சாலைப் பணிக்கென்று வாங்கும் கூடுதல் வரி), மீதி சிறப்புக் கூடுதல் கலால். இரண்டுமே மாநிலங்களோடு பங்கிடும் தொகுப்பில் சேராது. அவையில் ஒரு முறை உச்சவரம்புக்கு ஆதரவு வாங்கினால் போதும், அதன் பிறகு எத்தனை முறை ஏற்றினாலும் யாரையும் கேட்க வேண்டாம்.

வெண்ணாற்றங்கரை | பிற்பகல் 2:05

நீங்கள் எல்லோரும் சொல்வது பூட்டு வேண்டாம் என்பதற்கான காரணமாக எனக்குப் படவில்லை. பூட்டை எங்கே போட வேண்டும் என்பதற்கான காரணமாகத்தான் படுகிறது. ஒத்துக்கொள்கிறேன், ‘வரி விகிதத்தை உயர்த்த மூன்றில் இரண்டு’ என்ற ஒற்றை வரி வீண்.

அப்படியானால் வாசகத்தை இப்படி எழுதலாம்: விகிதம், மதிப்பு, விலக்கு, பட்டியல், செஸ், கட்டணம் எதை மாற்றினாலும், அதனால் குடிமகன் கட்டும் தொகை கூடுமானால் அது உயர்வு. அந்த உயர்வு அறிவிக்கையாக வந்திருந்தால் 75 நாளுக்குள் அவையில் வாக்குக்கு வர வேண்டும், வராவிட்டால் காலாவதி. 75 நாள் என்பது நானாகச் சொல்வதல்ல. பட்ஜெட் அன்றே அமலுக்கு வரும் சுங்கம், கலால் உயர்வுகளுக்குத் தற்காலிக வசூல் சட்டம் கொடுக்கும் கால அளவு அது.

தஞ்சை நிதிநிலை வாசகி | பிற்பகல் 2:50

இது நேர்மையான வாசகம். ஆனால் ‘தொகை கூடுமானால்’ என்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. அதைச் சரி செய்யாவிட்டால் நம் ஊராட்சி, நகராட்சிகள்தான் முதலில் மூச்சுத் திணறும்.

நீங்கள் காலையில் சொன்ன சொத்து வரியையே எடுக்கிறேன். நம் ஊர்களில் 2008-க்குப் பிறகு ஏற்றவில்லை. 2018-இல் ஏற்றினார்கள், எதிர்ப்பு வந்ததும் 2019 நவம்பரில் நிறுத்தி வைத்தார்கள். பிறகு 2022. நடுவில் 14 ஆண்டு. அரையாண்டுக்கு 1,000 ரூபாய் கட்டிய பெரிய வீட்டுக்கு 100 சதவீத உயர்வு என்றால் 2,000. ஆண்டுக்கு 5 சதவீதம் ஏற்றி வந்திருந்தால் 14 ஆண்டில் 1,980 வந்திருக்கும். 600 சதுர அடி வீட்டுக்கு 25 சதவீதம் என்பது ஆண்டுக்கு வெறும் 1.6 சதவீதம். விலைவாசியைவிடக் குறைவு. ஆக உயர்வின் அளவில் கொடுமை இல்லை. பதினான்கு ஆண்டு உயர்வையும் ஒரே ரசீதில் கேட்டதில்தான் இருக்கிறது.

மூன்றில் இரண்டு பங்கு விதி இந்த நோயைக் கூட்டும். ஏற்றுவது கடினம் என்றால் ஆண்டுக்கு ஐந்து என்று யாரும் கேட்க மாட்டார்கள். கூட்டணி 160-ஐத் தொடும் ஆண்டுக்காகக் காத்திருந்து, கிடைத்ததும் மொத்தமாக அள்ளுவார்கள். அதுவரை தெருவிளக்கும் பாதாளச் சாக்கடையும் கடனில் ஓடும், அல்லது குப்பைக் கட்டணம், சாக்கடை இணைப்புக் கட்டணம் என்று வரும். 15-ஆவது நிதிக்குழு, நகர்ப்புற மானியம் வேண்டுமானால் சொத்து வரி மாநில வளர்ச்சியோடு சேர்ந்து ஏற வேண்டும் என்று நிபந்தனை வைத்ததும் இந்தத் தேக்கத்தைப் பார்த்துத்தான். 2024-இல் ஆண்டுக்கு 6 சதவீதம் என்று வந்தது அதன் தொடர்ச்சி.

எனவே உங்கள் வாசகத்தில் ஒன்றைச் சேருங்கள்: விலைவாசி உயர்வுக்குள் அடங்கும் ஆண்டு மாற்றம் ‘உயர்வு’ ஆகாது. சுவிட்சர்லாந்தில் மதிப்புக் கூட்டு வரியின் உச்சத்தை அரசமைப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். 7.7-ஐ 8.1 ஆக்க 2022 செப்டம்பரில் நாட்டு மக்களிடமும் மாநிலங்களிடமும் வாக்குக் கேட்டார்கள், 2024 ஜனவரியில் அமலானது. உயரமான தடைதான். ஆனால் அது கேள்வியை மக்களிடம் கொண்டுபோகிறது, கொறடாவிடம் கொண்டுபோகவில்லை.

திருவாரூர்க்காரன் | பிற்பகல் 3:15

புயல் வந்தால்? 2018 நவம்பர் 16-இல் கஜா கரையேறியபோது வேதாரண்யம் முதல் பட்டுக்கோட்டை வரை தென்னை படுத்துவிட்டது. அவசரமாக நிதி திரட்ட வேண்டும் என்றால் 156 பேரைத் தேடிக்கொண்டிருக்க முடியுமா?

கடல் கடந்த நாகைக்காரன் | மாலை 4:00

அதற்கு அருகிலேயே பாடம் இருக்கிறது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரளம் 1 சதவீத வெள்ள செஸ் போட்டது. இயற்கைப் பேரிடருக்குக் குறிப்பிட்ட காலத்துக்குச் சிறப்பு விகிதம் என்று 279ஏ பிரிவிலேயே இடம் உண்டு. மன்றத்தின் ஒப்புதலோடு 2019 ஆகஸ்ட் 1-இல் தொடங்கி, சொன்னபடி இரண்டு ஆண்டில் 2021 ஜூலை 31-இல் முடிந்தது. முடிவுத் தேதி சட்டத்திலேயே இருந்ததுதான் அதன் பலம்.

எனவே தற்காலிக வரிக்குச் சாதாரணப் பெரும்பான்மை, இரண்டு ஆண்டு வரம்பு. நிரந்தர வரிக்கு மூன்றில் இரண்டு. ஆனால் ஓர் எச்சரிக்கை. நெவாடாவில் ஊதிய வரி ஒன்று தானாகக் குறைய வேண்டிய ஏற்பாடு இருந்தது. 2019-இல் குறையாமல் நிறுத்தி வைக்க மசோதா கொண்டுவந்தார்கள். மேலவையில் 21 பேர், மூன்றில் இரண்டு 14, கிடைத்தது 13. ‘புதிதாக ஏற்றவில்லை, இருப்பதைத் தொடர்கிறோம், எனவே 13 போதும்’ என்று நிறைவேற்றிவிட்டார்கள். 2021-இல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. வசூலித்த பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது.

குடந்தைக் கணக்கர் | மாலை 5:20

காலையில் கேட்ட கேள்விக்கு எனக்கு விடை கிடைத்துவிட்டது. நான் இப்போது இருக்கும் இடத்தைச் சொல்கிறேன்: மாநிலத்துக்கு மேலிருந்து திணிக்கும் மூன்றில் இரண்டு பங்கு விதியை நான் ஆதரிக்கவில்லை. கொறடா இருக்கும்வரை 156 என்பது வெறும் தொகுதிக் கணக்கு. ஆனால் வெண்ணாற்றங்கரை எழுதிய வாசகத்தின் முன்பாதி, அதாவது எது உயர்வு என்ற வரையறையும் 75 நாள் வாக்கும், சாதாரணப் பெரும்பான்மையோடு இருந்தாலே பெரிய மாற்றம். அதற்கு அரசமைப்புத் திருத்தமும் வேண்டாம். முத்திரைச் சட்டம், வாட் சட்டம், நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் ஒவ்வொன்றிலும் ஒரு பிரிவு சேர்த்தால் போதும், சட்டமன்றமே செய்யலாம்.

எல்லோரும் சொன்னதைச் சேர்த்து வரைவை மாற்றியிருக்கிறேன். வழக்குரைஞர் ஐயா சொல்லைப் பார்த்துத் தாருங்கள்:

‘விகிதம், மதிப்பீடு, விலக்கு, அளவு வரம்பு, கட்டணம், கூடுதல் வரி ஆகியவற்றில் எதை மாற்றியும் ஒருவர் செலுத்தும் தொகை, முந்தைய ஆண்டின் விலைவாசி உயர்வைத் தாண்டிக் கூடுமானால் அது வரி உயர்வு எனப்படும். அறிவிக்கையால் செய்த உயர்வு 75 நாளுக்குள் பேரவையில் பெயர் சொல்லி எடுக்கும் வாக்கெடுப்பில் நிறைவேறாவிட்டால் காலாவதியாகும். முடிவுத் தேதி உள்ள வரியை நீட்டிப்பதும் உயர்வே.’

மன்னை வழக்குரைஞர் | மாலை 6:10

‘75 நாளுக்குள்’ என்பதோடு ‘அல்லது பேரவை கூடும் அடுத்த அமர்வின் முதல் ஏழு நாளுக்குள், எது முந்தியதோ அது’ என்று சேருங்கள். இரண்டு கூட்டத் தொடருக்கு நடுவில் ஆறு மாதம் வரை இடைவெளி விட அரசமைப்பு இடம் தருகிறது. 75 நாள் முடிவதற்குள் அவை கூடாவிட்டால் உயர்வு காலாவதியாகும், அது சரி. ஆனால் காலாவதியான மறுநாளே அதே அறிவிக்கையைப் புதுத் தேதி போட்டு வெளியிடலாம். அவசரச் சட்டங்களைத் திரும்பத் திரும்ப வெளியிட்ட பழக்கத்தை 1986-இல் பீகார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்ததே, அதே தந்திரம் இங்கேயும் வரும். ‘காலாவதியான உயர்வை ஓராண்டுக்கு மீண்டும் அறிவிக்கக் கூடாது’ என்று நான்காவது வாக்கியம் வேண்டும். பெயர் சொல்லி வாக்கெடுப்பு என்பதை மட்டும் யார் கேட்டாலும் எடுத்துவிடாதீர்கள்.